எல்லைக் கல்லைத் தாண்டாதே

தாமுவே, ரங்கூன்
1923 செப்டம்பர் 3

அத்தானுக்கு மங்கலம் எழுதுவது.

உங்கள் கடிதம் கிடைத்தது. வெயிலைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். ஈச்சம்பழம் மலிவு என்று எழுதியிருக்கிறீர்கள். கடைசியில், கையெழுத்துக்கு மேலே இருந்த கொஞ்ச இடத்தில், "அய்யாசாமி வேலையை விட்டுப் போய்விட்டான், கவலைப்பட வேண்டாம்" என்று ஒரே ஒரு வரி. என் தம்பிக்கு அவ்வளவு இடம்தான் மிச்சம் இருந்ததா?

வேலையை விட்டு எங்கே போனான்? பாரசீகத்தில் அவனுக்கு யாரைத் தெரியும்? இன்சீன் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் கொதிகலனுக்குத் தகடு அடித்துக்கொண்டு, காலை ரயிலில் போய் மாலை ரயிலில் திரும்பி, அம்மா போடும் சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் அவன். பெல்டன் துரை கருன் ஆற்றங்கரையில் படகுப் பட்டறை வைத்திருக்கிறார், ரங்கூன் ஆட்களுக்கு நல்ல சம்பளம், ஒரே வருடம் என்று வந்து சொன்னது நீங்கள். அம்மா வேண்டாம் என்றாள். நான் பார்த்துக்கொள்கிறேன் அத்தை என்று சொன்னதும் நீங்கள்தான். அடுப்பங்கரையில் நின்று நான் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு வருடம் இரண்டாகிவிட்டது.

அம்மாவுக்குக் கால் வீக்கம் வடியவில்லை. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்குகிறாள். நான் தையல் கொடுக்க வெளியே போகும்போது பக்கத்து வீட்டு பர்மியப் பெண் மா தின் வந்து துணைக்கு இருக்கிறாள். தபால்காரர் தெருமுனையில் திரும்பினாலே அம்மாவுக்குத் தெரிந்துவிடுகிறது. உங்கள் கடிதத்தை அவளுக்கு வாசித்தேன், அந்த ஒரு வரியை விட்டுவிட்டு. அவனைப் பற்றி ஒன்றுமே இல்லையா என்று கேட்டாள். சுகமாக இருக்கிறான் என்றேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நடந்ததை எழுதுங்கள்.

மங்கலம்

*

அவாஸ், பாரசீகம்
1923 செப்டம்பர் 28

மங்கலத்துக்கு,

உன் கோபம் நியாயம். அத்தையின் உடம்பை நினைத்துத்தான் எழுதாமல் விட்டேன். இப்போது எழுதுகிறேன். அத்தைக்கு எவ்வளவு சொல்வது என்பதை நீ முடிவு செய்துகொள்.

ஆகஸ்டு மாதம் இங்கே இரும்பைத் தொட்டால் தோல் ஒட்டிக்கொள்ளும். ஆட்கள் அடிக்கடி தண்ணீருக்கு எழுந்து போகிறார்கள் என்று பெல்டன் துரை தண்ணீர்ப் பீப்பாய் இருந்த கொட்டகையைப் பூட்டச் சொல்லிவிட்டார். அன்று மத்தியானம் ஒரு தெலுங்கர் வேலை செய்துகொண்டே மயங்கி விழுந்தார். அய்யாசாமி சுத்தியலால் பூட்டை உடைத்துவிட்டான். துரை பிரம்போடு வந்தார். முதல் அடியை வாங்கிக்கொண்டான். இரண்டாவது அடி விழுவதற்குள் அவரைத் தள்ளிவிட்டான். அவர் நின்றது படகை ஏற்றும் சரிவு மேடையின் விளிம்பில். கீழே இரும்புத் துண்டுகள் கிடந்தன. அவருக்குக் காலில் அடி. எல்லோரும் அவரைத் தூக்க ஓடினோம். திரும்பிப் பார்த்தபோது அய்யாசாமியைக் காணவில்லை.

மூன்று வாரம் ஒரு தகவலும் இல்லை. பிறகு கடைத்தெருவில் ஒரு கோவேறு கழுதைக்காரன் சொன்னான்: மலைக்கு மேலே, மாலமீர் என்ற ஊரைத் தாண்டி, ஒரு பெரியவரின் தர்காவில் மொழி தெரியாத கறுத்த மனுஷன் ஒருவன் அடைக்கலம் புகுந்திருக்கிறான் என்று. அந்தத் தர்காவைச் சுற்றி எல்லைக் கல் நட்டிருக்கிறதாம். கல்லுக்கு உள்ளே இருக்கிறவனை அரசனே வந்தாலும் தொடக்கூடாது. தாண்டி வெளியே வந்தால் யார் வேண்டுமானாலும் பிடிக்கலாம். இங்கே அது வழிவழியாக வந்த வழக்கம்.

துரையின் கோபம் இப்போது தணிந்திருக்கிறது என்று அவருடைய ஆபீஸ் கிளார்க் அப்துல் பாரி சொல்கிறார். பையன் இறங்கி வந்து மன்னிப்புக் கேட்டால் போதும், வழக்கு வேண்டாம், முதல் கப்பலில் ரங்கூனுக்கு ஏற்றி அனுப்பிவிடலாம் என்று துரை சொன்னாராம். என்னையே போய் அழைத்துவரச் சொல்கிறார்கள். எனக்கு மேஸ்திரி வேலை தருவதாகவும் பேச்சு இருக்கிறது. வெயில் தணிந்ததும் போகலாம் என்று இருக்கிறேன்.

நான் மட்டும் கூப்பிட்டால் அவன் வரமாட்டான். அத்தை என்ன சொல்கிறாள் என்று அவள் வார்த்தையிலேயே எழுதி அனுப்பு.

நல்லப்பன்

*

தாமுவே
1923 அக்டோபர் 21

அத்தானுக்கு,

படித்தேன். பூட்டை உடைத்தான் என்பதைப் படித்ததும் எனக்கு அழுகைகூட வரவில்லை. அவன் அப்படித்தான். நீங்கள் எங்கே நின்றுகொண்டிருந்தீர்கள் என்று மட்டும் எழுதவில்லை.

அப்புறம் அந்த மேஸ்திரி வேலை. என் தம்பியை அழைத்து வந்தால் உங்களுக்கு மேஸ்திரி வேலை. இதை ஒரு பெண்டாட்டிக்கு எழுதலாம் என்று உங்களுக்குத் தோன்றியிருக்கிறது. நீங்கள் அதற்காகப் போகவில்லை என்று நம்பத்தான் ஆசை. நம்பிக்கொண்டே இதை எழுதுகிறேன்.

அம்மாவிடம் பாதி சொன்னேன். துரையோடு தகராறு, மலையில் ஒரு கோயிலில் இருக்கிறான் என்று. பாலைவன தேசத்தில் மலையில் என்ன இருக்கும், பச்சைத் தண்ணியாவது கிடைக்குமா என்று கேட்டாள். மரம் இருக்கிறதாம் அம்மா என்றேன். எனக்கே தெரியாது. நீங்கள் எழுதவில்லை.

அம்மா சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "அய்யாசாமி, எனக்கு மூச்சு நிக்கறதுக்குள்ள ஒம் மொகத்தப் பாக்கணும். நீ தப்பு செஞ்சியா இல்லியான்னு கேக்க மாட்டேன். வந்துரு." இவ்வளவுதான். இதைச் சொல்லிவிட்டு வெகுநேரம் மூச்சு வாங்கினாள்.

கூட்டிக்கொண்டு வாருங்கள். அதற்குப் பிறகு உங்களை என்ன கேட்க வேண்டுமோ நேரில் கேட்டுக்கொள்கிறேன்.

மங்கலம்

*

மலையில், தர்காவிலிருந்து
1923 நவம்பர் 24

மங்கலம்,

அய்யாசாமி உயிரோடு இருக்கிறான். இதை முதலில் எழுதிவிடுகிறேன். மற்றதை உட்கார்ந்து படி.

உன் கடிதம் வந்ததுமே கழுதைக் கூட்டத்தோடு கிளம்பினேன். அவாஸை விட்டு வெளியே வந்தால் மணல்கூட இல்லை. உப்புப் பூத்த களிமண், முட்செடி. நிழல் என்றால் கழுதையின் நிழல்தான். கிணற்றுத் தண்ணீர் வாயில் வைத்தால் கசக்கிறது. பிறகு மொட்டை மலைகள். ஒரு கணவாயைத் தாண்டினால் அதே மாதிரி இன்னொன்று. இதற்குள் மனுஷன் ஒளிய ஒரு புதராவது இருக்குமா என்று நினைத்துக்கொண்டே ஏறினேன். உச்சியில் கழுதைக்காரன் நின்று கையைக் காட்டினான். எதிர்ச் சரிவு முழுக்க மரம்.

துரைமார் ஓக் என்பார்களே, அந்த மரம். இங்கே பலூத் என்கிறார்கள். பர்மாவின் தேக்குக் காடு மாதிரி நெருக்கம் கிடையாது. ஒவ்வொரு மரமும் தள்ளித் தள்ளி நின்றுகொண்டு, தன் காலடியில் வட்டமாக நிழலை வைத்திருக்கிறது. ஆனால் மலை முடிகிற வரைக்கும் அதுதான். முந்தின நாள் மழை பெய்திருந்தது. ஈரமண் வாசனை வந்தது. நான் கழுதையை விட்டு இறங்கி நடந்தேன். காரணம் தெரியவில்லை, ஏறி உட்கார்ந்து போக மனசு வரவில்லை.

தர்கா சின்னதுதான். வெள்ளைக் கும்மட்டம், பக்கத்தில் ஊற்று, சுற்றி வயதான மரங்கள். அந்த மரங்களில் ஒரு சுள்ளியைக்கூட யாரும் ஒடிப்பதில்லை. தர்காவைப் பார்த்துக்கொள்கிறவர் பெயர் ஜாபர். மருதாணி தாடி, அதிகம் பேசமாட்டார். எல்லைக் கல்லுக்கு அருகே என்னை நிறுத்தி, ஆயுதம் இருக்கிறதா என்று கேட்டு, மடியைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே விட்டார்.

அய்யாசாமி ஊற்றங்கரையில் பெண்களுக்கு நடுவே உட்கார்ந்து ஓக் கொட்டையை இடித்துக்கொண்டிருந்தான். அந்த மாவைக் கசப்புப் போக நாள்கணக்கில் தண்ணீரில் போட்டுவைத்துக் கறுப்பாக ரொட்டி சுடுகிறார்கள். அதைத்தான் சாப்பிடுகிறான். இளைத்துவிட்டான். தலையில் கம்பளித் தொப்பி. என்னைப் பார்த்து எழுந்திருக்கவில்லை. கையிலிருந்த கல்லையும் கீழே வைக்கவில்லை.

"தனியாத்தான் வந்தீங்களா அத்தான்?" என்றான்.

தனியாகத்தான் என்றேன்.

"துரை கால் எப்படி இருக்கு?"

உனக்கு எழுதாததை அவனிடம் மறைக்க முடியவில்லை. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள் என்றேன். அவன் கல்லைக் கீழே வைத்தான். அந்தப் பெண்களில் ஒருத்தி என்ன என்று கேட்டாள். அன்று முழுவதும் மரத்தடியில் போய் உட்கார்ந்துவிட்டான். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். பிரம்பை மட்டும் பிடித்து நிறுத்தியிருந்தால் போதும், தள்ளியிருக்க வேண்டாம் என்று திரும்பத் திரும்பச் சொன்னான்.

மறுநாள் அத்தையின் வார்த்தையை வாசித்துக் காட்டினேன். இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னான். பிறகு, "வர்றேன். எறங்கலாம்" என்றான். வேறொன்றும் கேட்கவில்லை.

இது நல்ல செய்திதான். ஆனாலும் ஒன்று மனசில் உறுத்துகிறது. வரும் வழியில் மலை அடிவாரத்துப் பாலத்தருகே இரண்டு குதிரைக்காரர்கள் கூடாரம் அடித்திருந்தார்கள். அதில் ஒருவனை எங்கள் பட்டறை வாசலில் பார்த்த மாதிரி இருந்தது. ஜாபரிடம் சொன்னேன். "பையனை நீ அழைத்துப் போகலாம். நான் தடுக்க முடியாது. கல்லைத் தாண்டின பிறகு என்னால் ஒன்றும் செய்ய முடியாது" என்றார்.

ஆகையால் நான் முதலில் தனியாக இறங்குகிறேன். கப்பலுக்கு ஏற்பாடு ஆகிவிட்டதா என்று பார்த்துக்கொண்டு மறுபடி ஏறி வந்து அவனை அழைத்துப் போவேன். இந்தக் கடிதத்தை நானே கீழே கொண்டுபோய்ச் சேர்க்கிறேன்.

நான் எங்கே நின்றுகொண்டிருந்தேன் என்று கேட்டாய். நான் தூரத்தில் இருந்தேன். ஆனால் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

நல்லப்பன்

*

தாமுவே
1923 நவம்பர் 27
அவாஸ் கடைத்தெரு ரொட்டிக்கடை அப்துல் அஜீஸ் மூலமாக

அத்தானுக்கு,

இனிமேல் பட்டறை முகவரிக்கு எழுதமாட்டேன். நீங்களும் அங்கே வைத்துப் பேச வேண்டாம்.

நேற்று பர்கத்துல்லா வீட்டுக்கு வந்தார். உங்களோடு படகுப் பட்டறையில் வேலை பார்த்தவர், காய்ச்சலோடு திரும்பி வந்திருக்கிறார். வாசலில் நின்றபடியே முதலில் கேட்டது, உன் தம்பி இன்னும் மலையில்தானே இருக்கிறான் என்று. ஆமாம், என் வீட்டுக்காரர் அழைத்துவரப் போயிருக்கிறார் என்றேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

போன வருடம் ஒரு பஞ்சாபிக் கொல்லன் இதே மாதிரி மலைக்கு ஓடினானாம். அவனையும் இதே வார்த்தை சொல்லித்தான் பெல்டன் இறக்கினாராம்: மன்னிப்புக் கேள், கப்பல் தயார் என்று. மலை அடிவாரத்துப் பாலத்தைத் தாண்டியதும் கையைக் கட்டிக் குதிரைக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனார்கள். அப்புறம் அவனை யாரும் பார்க்கவில்லை. அவனுக்கே அப்படி என்றால், துரையின் காலைப் போக்கினவனை என்ன செய்வார்கள்? துரையின் காலை எடுத்துவிட்டார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. அதையும் அவர்தான் சொன்னார்.

இன்னொன்று. கிளார்க் அப்துல் பாரி சின்ன வயதில் ரங்கூனில் வளர்ந்தவராம். தமிழ் எழுத்துக்கூட்டி வாசிப்பாராம். நான் உங்களைத் திட்டினது, அம்மா சொல்லி அனுப்பினது, எல்லாவற்றையும் அவர் வாசித்துவிட்டுத்தான் உங்களிடம் கொடுத்திருக்கிறார். அதனால்தான் பர்கத்துல்லா சொன்ன இந்த ரொட்டிக்கடை முகவரிக்கு எழுதுகிறேன்.

கடிதம் வந்துசேர மூன்று வாரம் ஆகும். அதற்குள் நீங்கள் அவனை இறக்கிவிடுவீர்கள். தந்தி கொடுக்கலாம், ஆனால் அந்த ஊரில் வரும் தந்தியைப் பட்டறை ஆபீசில் பிரித்துப் படித்த பிறகுதான் ஆளிடம் கொடுப்பார்கள் என்றார் பர்கத்துல்லா. உள்ளதை எழுத முடியாது. தந்தி ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அவன் எதற்காக இறங்கி வருவான் என்று யோசித்தேன். அம்மாவுக்காக. அந்தக் காரணம் இல்லாமல் போனால் இறங்கமாட்டான்.

அதனால் அம்மா காலமாகிவிட்டாள், இனி வந்து பயனில்லை என்று தந்தி கொடுத்துவிட்டேன்.

அது பொய். அம்மா இருக்கிறாள். இதை எழுதும்போது உள்ளே இருமிக்கொண்டிருக்கிறாள். பெற்றவள் உயிரோடு இருக்கும்போது செத்தாள் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். வீட்டுக்கு வந்து குளித்தேன். அம்மா எதற்கு இந்த நேரத்தில் தலைக்குக் குளித்தாய் என்று கேட்டாள்.

இந்தக் கடிதம் கிடைக்கும்போது அவன் கல்லுக்கு உள்ளே இருக்கிறானா, வெளியே இருக்கிறானா?

மங்கலம்

*

அவாஸ், அப்துல் அஜீஸ் கடை
1923 டிசம்பர் 18

மங்கலத்துக்கு,

உனக்கு எப்படி ஆறுதல் எழுதுவது என்று தெரியவில்லை. அத்தை என்னை மருமகனாக நடத்தினதில்லை. பிள்ளை மாதிரிதான் திட்டினாள், பிள்ளை மாதிரிதான் சோறு போட்டாள். கடைசியில் நான் பக்கத்தில் இல்லை.

நான் மலையிலிருந்து இறங்கி வந்தபோது தந்தி வந்திருந்தது. பட்டறையில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டிருந்தது. அப்துல் பாரி என்னைத் தனியே அழைத்துத் தோளில் கை வைத்தார். முதலில் துக்கம் விசாரிக்கிறார் என்றுதான் நினைத்தேன்.

"கெழவி போனது போயிட்டா. அவன்கிட்ட ஏன் சொல்லணும்? அம்மா கூப்பிடறான்னே சொல்லிக் கூட்டிட்டு வாங்க. பாலத்தத் தாண்டிட்டாப் போதும்" என்றார்.

பாலத்தைத் தாண்டினால் போதும் என்றார், மங்கலம். கப்பல் ஏறினால் போதும் என்று சொல்லவில்லை. எனக்கு அந்த இடத்திலேயே விளங்கிவிட்டது. அந்தக் குதிரைக்காரர்கள் யார், எதற்காக அங்கே இருக்கிறார்கள் என்று எல்லாம் விளங்கிவிட்டது. செத்துப்போனவளின் பெயரைச் சொல்லி அவள் பிள்ளையைக் கூப்பிடச் சொல்கிறார்கள். சரி என்று தலையாட்டிவிட்டு அன்றே மறுபடி மலைக்குக் கிளம்பினேன். நான் அழைத்துவரப் போகிறேன் என்று நினைத்து அவர்களே எனக்குக் குதிரை கொடுத்தார்கள்.

அய்யாசாமி எல்லைக் கல்லுக்கு உள்ளே மூட்டையைக் கட்டி வைத்துக்கொண்டு தயாராக நின்றான். முகம் மழித்திருந்தான். அத்தைக்குக் கொடுக்க என்று கொஞ்சம் உலர்ந்த அத்திப்பழம் கட்டியிருந்தான். என் முகத்தைப் பார்த்ததும் அவனுக்குத் தெரிந்துவிட்டது. நான் கல்லைத் தாண்டி உள்ளே போய் அவன் கையைப் பிடித்துக்கொண்டுதான் சொன்னேன்.

ஜாபர் வந்து விஷயம் தெரிந்துகொண்டு விளக்கேற்றினார். அந்த ஊர்ப் பெண்கள், அத்தையின் பெயர்கூடத் தெரியாதவர்கள், அவனைச் சுற்றி உட்கார்ந்து அவர்கள் வழக்கப்படி பாடி அழுதார்கள். அப்போதுதான் அவன் அழுதான். ஊற்றங்கரையில் மொட்டை அடித்துக்கொண்டான். எள் கிடையாது, அரிசி கிடையாது. ஓக் மாவில் பிண்டம் பிடித்தான். அத்தையின் பெயரைச் சொல்ல வேண்டிய இடத்தில், சொர்ணம்மாள் என்று நானும் சேர்ந்து சொன்னேன்.

நான் தனியாக இறங்கி வந்ததும் பெல்டன் என்னை வேலையை விட்டு நிறுத்திவிட்டார். கட்டைக் காலோடு வாசலுக்கே வந்து, நீ எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரிந்துவிட்டது என்றார். அது எனக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது. இப்போது அப்துல் அஜீஸ் கடையில் இருக்கிறேன். மலையில் பனி விழத் தொடங்கிவிட்டது. வசந்தம் வரை யாரும் ஏற முடியாது, இறங்கவும் முடியாது.

நீ தைரியமாக இரு.

நல்லப்பன்

*

அவாஸ்
1923 டிசம்பர் 22

மங்கலம்,

நவம்பர் இருபத்தேழாம் தேதிக் கடிதம் இன்று கடைக்கு வந்தது.

அத்தை இருக்கிறாள் என்ற இடத்தை எத்தனை தரம் படித்தேன் என்று எனக்கே தெரியாது. அப்துல் அஜீஸ் என்னை உலுக்கிக் கேட்டார். சிரிப்பதா அழுவதா என்று எனக்குப் புரியவில்லை. பிறகு கோபம் வந்தது. அன்று அந்தப் பையனின் முகம் எப்படி இருந்தது என்று உனக்குத் தெரியாது. நான் பார்த்தேன். உயிரோடு இருக்கிறவளுக்கு நான் பிண்டம் வைத்திருக்கிறேன்.

நீ செய்ததால்தான் அவன் பிழைத்தான். அதுவும் எனக்குத் தெரியும். ஆனாலும் இப்போதைக்கு உன்னிடம் இதமாகப் பேச முடியவில்லை. பனி வழியை அடைத்திருக்கிறது. அவன் அங்கே மொட்டைத் தலையோடு, அம்மா இல்லை என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்.

நல்லப்பன்

*

தாமுவே
1924 ஜனவரி 19

அத்தானுக்கு,

இரண்டு கடிதமும் ஒரே கப்பலில் வந்தன. கோபப்படுங்கள். நான் பதில் சொல்லப் போவதில்லை.

நடந்ததை மட்டும் எழுதுகிறேன். தபால்காரரை அம்மா பார்த்துவிட்டாள். வாசி என்றாள். மா தினும் இருந்தாள். முதல் கடிதத்தைப் பிரித்து, மனசில் வேறு எதையாவது கட்டி வாசிக்கலாம் என்று பார்த்தேன். ஓக் மாவில் பிண்டம் என்ற இடத்தைக் கண் பார்த்துவிட்டது. அதற்கு மேல் வாசிக்காமல் நிறுத்திவிட்டேன்.

"என்ன, செத்துட்டானா?" என்றாள் அம்மா.

"இல்லம்மா. நீ செத்துட்ட."

இதைத்தான் சொன்னேன். வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. பிறகு எல்லாவற்றையும் சொன்னேன்: பாலம், தந்தி, பஞ்சாபிக் கொல்லன். மா தின் பாதி புரிந்துகொண்டு வாயைப் பொத்திக்கொண்டாள். நான் முடித்த பிறகு அம்மா, "மொட்டை அடிச்சானா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "அப்போ பொடனியில இருக்கற தழும்பு தெரிஞ்சிருக்கும். சின்னதுல கொழாயடியில விழுந்தது" என்றாள். அதன்பிறகு எனக்கு அவளுடைய மூச்சைக் கேட்கவே பயமாக இருந்தது.

சாயங்காலம் என்னைக் கூப்பிட்டு, "சரியாத்தான் செஞ்ச. நான் செத்தவளாவே இருந்துக்கறேன். அவன்கிட்ட சொல்ல வேணாம். சொன்னா எறங்கி வந்துருவான்" என்றாள்.

அம்மா சொன்னதை எழுதிவிட்டேன். நான் சொல்வது வேறு. அவனிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள். ஆனால் அந்தப் பாலத்துப் பக்கம் இறக்காதீர்கள். மலைக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது? கழுதைகள் மலையைத் தாண்டி இஸ்பஹானுக்குப் போகின்றன என்று பர்கத்துல்லா சொல்கிறார். அங்கிருந்து கிழக்கே போனால் இந்தியாவுக்குள் போகும் குவெட்டா ரயில் வருமாம். பாலைவனம்தான், மாதக்கணக்கில் ஆகும் என்கிறார். ஆகட்டும். பெல்டனின் ஆட்கள் அவ்வளவு தூரம் வரமாட்டார்கள்.

அம்மா அதுவரைக்கும் இருப்பாளா என்று கேட்காதீர்கள்.

மங்கலம்

*

மலையில்
1924 மார்ச் 30

மங்கலம்,

பனி உருகி, முதல் கழுதைக் கூட்டத்தோடு வந்துசேர்ந்தேன். பாலத்தில் அந்தக் குதிரைக்காரர்கள் என்னை நிறுத்தி மூட்டையைக் கொட்டிப் பார்த்தார்கள். இன்னும் காத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். இறங்கும்போது சந்திப்போம் என்றான் ஒருவன்.

ஓக் மரங்களில் இளந்தளிர். அய்யாசாமிக்கு முடி வளர்ந்திருக்கிறது. ஜாபருக்கு ஊற்றிலிருந்து தொட்டிக்குத் தகரக் குழாய் அடித்துக் கொடுத்திருக்கிறான். என்னைப் பார்த்துச் சிரித்தான். அந்தச் சிரிப்போடு இருக்கும்போதே சொல்லிவிட வேண்டும் என்று சொல்லிவிட்டேன்.

அவன் எழுந்து நான்கடி பின்னால் போய் நின்றான்.

"போன தடவை செத்துட்டாங்கன்னு சொன்னீங்க. இப்போ உயிரோட இருக்காங்கன்னு சொல்றீங்க. இதுல எதத் துரை சொல்லச் சொன்னான்?"

உன் கடிதங்களைக் கொடுத்தேன். வாசித்தான். அக்கா எழுத்துதான், ஆனா தந்தி கொடுத்ததும் அக்காதானே என்றான். தழும்பைப் பற்றி அத்தை சொன்ன இடத்தைக் காட்டினேன். கை பின்கழுத்துக்குப் போயிற்று. ஆனாலும், அது அக்காவுக்கும் தெரியும் என்றான். நான் என்ன சத்தியம் செய்தும் பயனில்லை. இரண்டு நாள் என்னோடு சாப்பிடவில்லை. ஜாபரோடுதான் சாப்பிட்டான். என்னைக் கல்லுக்கு வெளியே அனுப்பிவிடச் சொல்லி அவரைக் கேட்டான் என்றுகூடத் தெரிந்தது. அவர் மறுத்துவிட்டார். நம்புகிறவன், நம்பாதவன் இரண்டு பேருக்கும் இடம் உண்டு என்றாராம்.

இன்று காலை அவனாகவே வந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.

"அந்தப் பக்கமாப் போலாம் அத்தான். இருந்தாங்கன்னாப் பாத்துக்கறேன். இல்லேன்னா ஏற்கெனவே அழுதாச்சு."

ஜாபர் தன் மருமகனை இஸ்பஹான் வரை துணைக்கு அனுப்புகிறார். கிழக்கே உள்ள எல்லைக் கல் காட்டுக்குள்ளேயே இருக்கிறது. அதைத் தாண்டினால் மரத்தோடு மரமாக மேலே ஏறி மறைந்துவிடலாம். நாளை விடியும் முன் கிளம்புகிறோம். இந்தக் கடிதத்தை இஸ்பஹானில் தபாலில் சேர்க்கிறேன். இனி உன் கடிதம் எனக்குக் கிடைக்காது. குவெட்டாவிலிருந்து எழுதுகிறேன். அதுவரை எழுத்து வரவில்லை என்றால் தவறாக எதையும் நினைக்காதே.

உன்மேல் இருந்த கோபம் மலை ஏறும்போது போய்விட்டது. அவன் கோபத்தைப் பற்றி நான் ஒன்றும் சொல்ல முடியாது.

நல்லப்பன்

*

தாமுவே
1924 ஆகஸ்டு 17
குவெட்டா ஆஸ்பத்திரியில் இருக்கும் நல்லப்பனுக்கு

அத்தானுக்கு,

உங்கள் கார்டு கிடைத்தது. வழியில் வந்த காய்ச்சல் இன்னும் விடவில்லை, என்னால் தாமதம் வேண்டாம் என்று அவனை மட்டும் முன்னால் ரயிலேற்றி விட்டேன் என்று எழுதியிருந்தீர்கள். கார்டும் அவனும் ஒரே வாரத்தில் வந்தார்கள்.

புதன்கிழமை. நல்ல மழை. நான் தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தேன். தெருவில் ஒருவன் நனைந்துகொண்டு நிற்பதைப் பார்த்தேன். அடையாளம் தெரியவில்லை. அவன் நம் வீட்டுக்கு வரவில்லை, பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினான். மா தினிடம் பர்மிய மொழியில், என் அம்மா இருக்கிறாளா என்று கேட்டது என் காதில் விழுந்தது. என்னிடம் கேட்டால் நம்ப முடியாது என்று அங்கே போய்க் கேட்டிருக்கிறான். மா தின் அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து நம் வாசலில் விட்டாள்.

அம்மா எப்போதும்போலச் சுவரில் சாய்ந்திருந்தாள். இப்போது கண்பார்வையும் மங்கிவிட்டது. அவன் உள்ளே வராமல் நிலைப்படியிலேயே நின்றான்.

"யாரது, வெளிச்சத்த மறைக்கறது?" என்றாள்.

அம்மா கையை நீட்டினாள். அவன் போய் முன்னால் உட்கார்ந்து தலையைக் குனிந்தான். அவள் முகத்தைத் தொடவில்லை. நேராகப் பின்கழுத்துக்குக் கையைக் கொண்டுபோய்த் தழும்பைத் தேடினாள். தேடிக் கண்டுபிடித்த பிறகு, "எனக்கு எல்லாம் செஞ்சு முடிச்சிட்டியாமே" என்றாள். அவன் அவள் மடியில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதான். நான் அடுப்பங்கரைக்குப் போய்விட்டேன்.

அன்றிலிருந்து அம்மா கொஞ்சம் சாப்பிடுகிறாள். ரொம்ப நாள் இருப்பாள் என்று டாக்டர் சொல்லவில்லை. ஆனால் இருக்கிற நாளில் அவன் பக்கத்தில் இருக்கிறான். அந்தக் காட்டைப் பற்றி அவளுக்குச் சொல்கிறான். ஒவ்வொரு மரத்துக்கும் தனித்தனி நிழல் என்று நீங்கள் எழுதியதை நான் வாசித்தபோது அவள் நம்பவில்லை. அவன் சொன்னால் நம்புகிறாள். பெல்டனின் காலைப் பற்றியும் அவளிடம் சொல்லிவிட்டான். தூக்கத்தில் சில சமயம் பதறி எழுகிறான்.

என்னோடு பேசவில்லை. தட்டில் போட்டதைச் சாப்பிட்டுவிட்டு எழுந்து போய்விடுவான். அக்கா என்று ஒரு வார்த்தை கிடையாது. நானும் பேச்சுக் கொடுக்கவில்லை. மன்னிப்புக் கேட்கவும் என்னால் முடியவில்லை. மறுபடி அதே பெஞ்சில் உட்கார வைத்தால் அதே தந்தியைத்தான் கொடுப்பேன்.

இப்போது இந்தக் கடிதத்தை எழுதிக்கொண்டிருக்கும்போது பின்னால் வந்து நின்றான். நிற்பது தெரிந்தும் நான் திரும்பவில்லை. யாருக்கு என்று கேட்டான். வந்த பிறகு என்னிடம் அவன் பேசின முதல் வார்த்தை அதுதான். அத்தானுக்கு என்றேன். ஒரு ஓரமாக உட்கார்ந்து நான் எழுதுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"அத்தானச் சீக்கிரம் வரச் சொல்லு" என்றான். பிறகு கொஞ்ச நேரம் கழித்து, "அதுக்காக யாரையும் சாகடிச்சிறாத அக்கா" என்றான்.

யாரும் சாகவில்லை. காய்ச்சல் விட்டதும் வாருங்கள்.

மங்கலம்